கிடாயை மாத்துவீரு, மாப்பிள்ளையை மாத்தமாட்டீரு

வாரும் மருமகனே, உக்காரும். அந்தக் கயித்துக் கட்டில் வேண்டாம், நடுவுல தொய்ஞ்சு தரையைத் தொடுது. இப்படித் திண்ணையில இரும். கையில என்ன, சாத்தூர் சேவா? வெத்தலை பாக்கும் இருக்கு. மஞ்சப்பையில இருந்து எட்டிப் பாக்குறது ஜாதகக் காகிதம்னு நினைக்கேன். சேவு, வெத்தலை, ஜாதகம் மூணும் சேந்து ஒரு வீட்டு வாசலுக்கு வந்தா கல்யாணம்தான். சொல்லும், யாருக்கு யாரு?

அடடே, மூத்தவளை உம்ம மச்சினனுக்கே முடிச்சாச்சா! காதுகுத்துக்கு அவளை மடியில உக்கார வச்சவன் அவன்தான். சடங்குக்குச் சீர்த்தட்டு தூக்கிட்டு வந்தவனும் அவன்தான். இப்பத் தாலி கட்டப் போறவனும் அவனேதான். ஒத்த ஆளு இத்தனை சோலியையும் பாக்கான். கூலி மிச்சம்.

பத்துப் பொருத்தத்துல எட்டு இருக்குன்னு சொல்லுதீரு. செவ்வாய், ராகு, கேது எல்லாரையும் விசாரிச்சுட்டீரு. ஆகாசத்துல அம்புட்டுத் தூரத்துல கிடக்குறவங்களை எல்லாம் கேட்டீரே, வீட்டுக்குள்ள ஒரு கணக்கு இருக்கு, அதைக் கேட்டீரா? எல்லாருக்கும் கொள்ளுத் தாத்தா கொள்ளுப் பாட்டின்னு எட்டுப் பேரு உண்டு. உம்ம மகளுக்கு விரலை விட்டு எண்ணிப் பாரும். ஆறுதான் வரும். நீரு அத்தை மகளைக் கட்டினவருல்லா, அதுலயே ரெண்டு பேரு டபுள் டூட்டி பாக்காங்க. அந்த வீட்டுக்குள்ளதான் இப்ப மறுபடியும் பந்தக்கால் ஊனப் போறீரு.

கோவிச்சுக்கிடாதேயும். சேவை எடும், ரெண்டு பேரும் கொறிச்சுக்கிட்டே பேசுவோம்.

நான் ஆறாங்கிளாஸ் தாண்டாதவன். ஆனா 31 வருஷம் மாட்டாஸ்பத்திரியில அட்டெண்டரா இருந்தேன். டாக்டர்மார் மாத்தலாகிப் போய்க்கிட்டே இருந்தாங்க, நான் மட்டும் மாறல. அவங்க பேசுனதைக் காதுல வாங்கியே எனக்குப் பாதிப் படிப்பு வந்துட்டு. நைட்ரஜன் கேனைத் திறந்தா புகை வரும், ஞாபகம் இருக்கா? மைனஸ் 196 டிகிரி. அதுக்குள்ள சினை ஊசிக் குச்சி கிடக்கும், ஒவ்வொண்ணு மேலயும் காளை நம்பர் அச்சடிச்சிருக்கும். ஒரு நாள் நீரு உம்ம செவலைக் கிடேரியைப் புடிச்சுக்கிட்டு வந்தீரு. நான் ஏதோ ஞாபகத்துல ஒரு குச்சியை இடுக்கியில எடுத்தேன். நீரு நம்பரைப் பாத்துட்டு என்ன கத்துக் கத்தினீரு! “மாமா, இது அவ அப்பன் காளை நம்பர்ல்லா! மகளுக்கே அப்பனைப் போடுதீங்களே, கன்னு விளங்குமா?” டாக்டரே சிரிச்சுட்டாரு. அந்தக் கிடேரிக்கு இருந்த யோகம் உம்ம மகளுக்கு இல்லையேன்னுதான் நான் யோசிக்கேன்.

ஆட்டுக்கும் அப்படித்தானே? உம்ம கொட்டத்துல நிக்கிறது அத்தனையும் கன்னி ஆடு. கறுப்பு உடம்புல முகத்துல வெள்ளை வரி ஓடுற பால்கன்னி. ரெண்டு வருஷம் ஆனா கிடாயை ஏத்திக்கிட்டு எட்டயபுரம் சந்தைக்குப் போயிருவீரு. “தான் போட்ட குட்டியையே ஏறிரும் மாமா, குட்டி சிறுத்துப் போகும், சினை நிக்காது”ன்னு நீர்தானே எனக்குப் பாடம் எடுத்தீரு. கிடா விஷயத்துல உமக்கு இருக்குற அறிவு காலேஜ் வாத்தியாருக்குக்கூட வராது. வீட்டு நிலையைத் தாண்டி உள்ள வந்ததும் அந்த அறிவைச் செருப்போட சேத்து வெளிய விட்டுட்டு வந்திருதீரு.

“நம்ம ரத்தம் நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கணும் மாமா”ன்னு சொல்லுதீரு. நல்ல வசனம். ஆனா ஒரு சங்கதி தெரியுமா? சந்ததிக் கணக்கை எழுதி வச்சிருக்குற டிஎன்ஏ ரத்தத்துச் செவப்பணுவுல கிடையவே கிடையாது. உட்கருன்னு ஒண்ணு இருந்தாத்தானே அதுக்குள்ள டிஎன்ஏ இருக்கும்? செவப்பணு வளந்து வேலைக்கு இறங்குறதுக்கு முந்தியே அதைத் தூக்கி எறிஞ்சிரும். ரத்தத்தை வச்சுப் பரம்பரை பாக்கணும்னா வெள்ளையணுவைத்தான் தேடணும். பாசமலர் படம் பாத்து அழுதவங்ககிட்ட இதைச் சொல்லிராதேயும்.

ரத்தம்னு நினைச்சதுனாலதான் குழப்பமே. அப்பன் ரத்தமும் ஆத்தா ரத்தமும் பாலும் டிகாஷனும் மாதிரிக் கலந்துருதுன்னு சீமையில படிச்சவங்களே ரொம்ப நாள் நினைச்சாங்க. பாலும் டிகாஷனும் கலந்துட்டா திரும்பப் பிரிக்க முடியுமா? முடியாது. ஆனா தாத்தாவோட வளைஞ்ச மூக்கு மகனுக்கு வராம, பேரனுக்கு அச்சு அசலா வந்து நிக்குதே, அது எப்படி? கம்பையும் கேப்பையையும் ஒரே குலுக்கையில கொட்டினா ரெண்டும் சேந்துதான் கிடக்கும். ஆனா கம்பு கம்புதான், கேப்பை கேப்பைதான். சலிச்சா பிரிஞ்சு வந்துரும். பரம்பரையும் தானியக் கணக்குத்தான், தண்ணிக் கணக்கு இல்ல.

இதைக் கண்டுபிடிச்சவரு ஒரு சாமியாரு. மெண்டல்னு பேரு. இப்பச் செக் நாட்டுல இருக்குற ப்ருனோ ஊர்ல மடத்துல இருந்தாரு. வாத்தியார் பரீட்சை எழுதி ஃபெயிலானவரு. அதனால நம்ம ஆளுன்னு வச்சுக்கிடும். கல்யாணமே கட்டாத அந்த மனுசன் 1856-ல இருந்து 1863 வரைக்கும் மடத்துத் தோட்டத்துல பட்டாணிக்குக் கல்யாணம் பண்ணி வச்சாரு. ஏறக்குறைய 28,000 செடி. ஒரு பூவுல மகரந்தத்தைக் கிள்ளிப் போட்டுட்டு, இன்னொரு செடி மகரந்தத்தைத் தொட்டு வச்சு, பை கட்டி மூடி, காய் முத்தினதும் உரிச்சு எண்ணி எழுதினாரு. ஜோசியரு கட்டம் போட்ட மாதிரிதான், ஆனா இவரு கட்டம் பலிச்சுது.

உருண்டைப் பட்டாணியையும் சுருங்கின பட்டாணியையும் சேத்தாரு. வந்த பிள்ளைங்க அத்தனையும் உருண்டை. சுருக்கம் ஒழிஞ்சதுன்னு நாம தோட்டத்தைப் பூட்டிட்டு வந்திருப்போம். அவரு அந்த உருண்டைங்களைத் தனக்குள்ளயே சேரவிட்டாரு. அடுத்த மகசூல்ல உருண்டை 5,474, சுருக்கம் 1,850. மூணுக்கு ஒண்ணு. போச்சுன்னு நினைச்ச சுருக்கம் போகல, ஒரு தலைமுறை பரண் மேல ஏறிப் படுத்திருக்கு. ஒவ்வொரு குணத்துக்கும் அப்பன்கிட்ட இருந்து ஒரு சீட்டு, ஆத்தாகிட்ட இருந்து ஒரு சீட்டு. ஒண்ணு நல்லதா இருந்தாலும் வெளிய நல்லதாத்தான் தெரியும். ரெண்டும் கெட்டதா ஒரே இடத்துல கூடினாத்தான் சுருக்கம் மூஞ்சியைக் காட்டும். 1865-ல சபையைக் கூட்டிச் சொன்னாரு. கேட்டவங்க கலைஞ்சு போயிட்டாங்க. 1884-ல அவரும் போயிட்டாரு. 1900-ல மூணு நாட்டுல மூணு பேரு தனித்தனியா அதே கணக்கைப் போட்டுட்டு, பழைய புத்தகத்தைப் புரட்டினா, சாமியாரு 34 வருஷத்துக்கு முந்தியே அச்சுல போட்டு வச்சிருக்காரு.

ஏன் சுருங்குதுன்னு கேளும், அதுதான் உமக்கு வேண்டியது. பட்டாணிக்குள்ள சர்க்கரையைக் கிளை கிளையா மாவுச்சத்தாக் கட்டுறதுக்கு ஒரு வேலையாளு உண்டு. அந்த ஆளைச் செய்யுற குறிப்பு கெட்டுப்போனா, சர்க்கரை கட்டுப்படாம நிக்கும். சர்க்கரை தண்ணியை இழுக்கும், விதை ஊதும். காயும்போது தண்ணி போயிரும், தோல் தொங்கிச் சுருங்கிரும். கிழவனாகிற கதைதான். ஆனா ஒரு நல்ல குறிப்பு இருந்தாப் போதும், ஒரு வேலையாளே மொத்தத்தையும் பாத்துருவான். கெட்ட குறிப்பு கூடவே இருக்கும், வெளிய தெரியாது. நம்ம ஒவ்வொருத்தர்கிட்டயும் இப்படிக் கெட்ட குறிப்பு சிலதாவது மறைஞ்சு கிடக்கு. உம்மகிட்டயும் இருக்கு, என்கிட்டயும் இருக்கு. ஜாதகத்துல சுத்தம்னு எழுதிக் குடுத்த ஜோசியர்கிட்டயும் இருக்கு.

குறிப்பு குறிப்புன்னு சொல்லுதேனே, அது எழுதியிருக்குற ஓலைதான் டிஎன்ஏ. இதை முதல்ல வெளிய எடுத்தவரு மீஷர்னு ஒருத்தரு, 1869-ல, ஜெர்மனி ட்யூபிங்கன் ஊர்ல. எதுல இருந்து எடுத்தாரு தெரியுமா? ஆஸ்பத்திரியில புண்ணுக்குக் கட்டிக் கழட்டின சீழ்த்துணியில இருந்து! நானும் 31 வருஷம் சீழ்த்துணி அலசியிருக்கேன். எனக்குச் சேத்துப்புண்ணுதான் வந்துது.

அந்த ஓலை எப்படி இருக்கும்? கிணத்துக் கயிறு பாத்திருக்கீருல்லா, ரெண்டு புரி முறுக்கினது. அந்த ரெண்டு புரிக்கும் நடுவுல ஏணிப்படி மாதிரிக் குறுக்குக் கட்டை. கட்டைங்கிறது நாலே எழுத்து: ஏ, டி, ஜி, சி. இதுலதான் வேடிக்கை. ஏ வந்தா எதிர்ல டி-தான் நிக்கணும், ஜி வந்தா எதிர்ல சி-தான். மாத்திக் கட்டாது. பாத்தீரா, உள்ளுக்குள்ளயும் முறை பாத்துத்தான் சம்பந்தம்! ஏ-க்கும் டி-க்கும் ரெண்டு முடிச்சு. ஜி-க்கும் சி-க்கும் மூணு முடிச்சு. இதை நான் சொன்னப்போ என் பேத்தி தலையில அடிச்சுக்கிட்டா. “தாத்தா, அதுக்குப் பேரு ஹைட்ரஜன் பிணைப்பு”ன்னா. எனக்கு மூணு முடிச்சுன்னாத்தான் மனசுல நிக்கி.

இந்த முறை இருக்குறதுனாலதான் கயித்தை அவுத்து ரெண்டு புரியாப் பிரிச்சாலும், ஒவ்வொரு புரியும் தன் எதிராளியைத் தானே கட்டிக்கிடுது. ஒரு கயிறு ரெண்டு கயிறாயிரும், எழுத்து பிசகாம. 1953-ல வாட்சனும் கிரிக்கும் இதைச் சொன்னாங்க. 1962-ல அவங்க ரெண்டு பேருக்கும் வில்கின்ஸுங்கிறவருக்கும் நோபல் பரிசு. ஆனா அந்த முறுக்கைக் காட்டிக் குடுத்த எக்ஸ்ரே படம் ரோசலிண்ட் பிராங்க்ளின்னு ஒரு பொண்ணோட ஆய்வுக்கூடத்துல எடுத்தது. அவகிட்ட கேக்காமலே வாட்சனுக்கு அதைக் காட்டிட்டாங்க. 37 வயசுல, 1958-ல, அவ போய்ச் சேந்துட்டா. சமைச்சவ அடுப்படியில, பந்தியில உக்காந்தவங்க வேற ஆளு. இது உமக்குப் புதுசா என்ன?

உடம்புல உட்கரு இருக்குற ஒவ்வொரு அணுவுக்குள்ளயும் இந்தக் கயித்தை இழுத்து நீட்டினா ரெண்டு மீட்டர். தலைமுடி பருமன்ல பத்துல ஒரு பங்குகூட இல்லாத உட்கருவுக்குள்ள அதைச் சுருட்டி வச்சிருக்கு. உம்ம வீட்டம்மா சேலையைக் கொசுவுறது எல்லாம் இதுக்கு முன்னால நிக்காது. 46 சுருள். 23 அப்பன் வீட்டுச் சீரு, 23 ஆத்தா வீட்டுச் சீரு. ஒரு பக்கத்துச் சீர்ல மட்டும் 300 கோடி எழுத்து. அதுல புரதம் செய்யுற குறிப்பு சுமார் 20,000. அந்தக் குறிப்பெல்லாம் சேந்தாலும் மொத்த எழுத்துல நூத்துல ஒண்ணோ ரெண்டோதான். மிச்சத்துல எப்ப அடுப்பைக் கூட்டணும், எப்பக் குறைக்கணும்னு எழுதினதும் இருக்கு, காலாகாலமாச் சேந்த பழைய குப்பையும் இருக்கு. நம்ம அட்டாலி மாதிரிதான்.

300 கோடியில ஒரே ஒரு எழுத்து மாறினா என்ன ஆயிரும்னு நினைப்பீரு. ரத்தத்துல ஆக்சிஜன் சுமக்குற ஹீமோகுளோபினுக்கு ஒரு குறிப்பு உண்டு. அதுல ஒரு இடத்துல ஏ இருக்கணும், அங்க டி வந்துட்டு. அம்புட்டுத்தான். வட்டமா இருக்குற செவப்பணு அருவா மாதிரி வளைஞ்சிரும், ரத்தக் குழாயில போய் மாட்டும், வலி உசுரை எடுக்கும். நம்ம நீலகிரி மலைவாசி ஜனங்ககிட்ட இது இருக்குன்னு 1952-லயே எழுதி வச்சாங்க. இதுலயும் ஒரு சூது உண்டு. ஒரு பக்கத்துச் சீட்டு மட்டும் கெட்டவனை மலேரியா அவ்வளவு லேசாக் கொல்லாது. காய்ச்சல் காட்டுல அது கவசம். ரெண்டு சீட்டும் கெட்டாத்தான் நோவு.

இந்தா, பேச்சோட பேச்சா ஒண்ணைச் சொல்லிருதேன். உமக்கு மூணும் பொண்ணுன்னு வீட்டுல அந்தப் புள்ளையை ஏசுதீராமே. சுவத்துக்கும் காது உண்டு மருமகனே. அந்த 23 ஜோடியில கடைசி ஜோடிதான் ஆணா பொண்ணான்னு தீர்மானிக்குது. பொம்பளைகிட்ட எக்ஸ், எக்ஸ். அவ எதைக் குடுத்தாலும் எக்ஸ்தான் குடுக்க முடியும். ஆம்பளைகிட்ட எக்ஸ் ஒண்ணு, ஒய் ஒண்ணு. நீரு ஒய் குடுத்தா பையன், எக்ஸ் குடுத்தா பொண்ணு. மூணு தடவையும் பையில கையை விட்டு எக்ஸை எடுத்துக் குடுத்தது நீரு. கடைக்குப் போயி உளுந்து வாங்கிட்டு வந்து குடுத்துட்டு, ஏன் பாயாசம் வரலன்னு சமைக்கிறவளைக் கேக்கீரு. 1905-ல நெட்டி ஸ்டீவன்ஸ்னு ஒரு அமெரிக்கப் பொம்பளை இதை மாவுப்புழுவுல கண்டுபிடிச்சுச் சொல்லிட்டா. புழுவுக்கே தெரிஞ்ச சங்கதி உமக்குத் தெரிய நூறு வருஷத்துக்கு மேல ஆயிருக்கு. நாலாவது கட்டாயம் பையன்தான்னு கோயில் வாசல்ல எவனாவது சொன்னா நம்பாதேயும். பூவா தலையா போடுற காசுக்குப் போன தடவை என்ன விழுந்துதுன்னு ஞாபகம் இருக்காது.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். பழைய ரூபாய்க் கணக்குல பேசுவோம், உமக்கு அது தோது. முழுச் சீட்டும் பதினாறு அணா. அப்பனும் மகளும் எட்டணா ஒண்ணு. கூடப் பொறந்ததுங்களும் சராசரி எட்டணா. மாமன் மகளும் அத்தை மகனும் ரெண்டணா. தாய்மாமனும் அக்கா மகளும் நாலணா. ரெண்டு வீட்டுக்காரங்க பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுப்பாங்க பாரும், அந்த ரெண்டு வீட்டுப் பிள்ளைகளும் நாலணாதான். எத்தனை அணா ஒத்துப்போகுதோ, அத்தனைக்கு அத்தனை ஒரே கெட்ட குறிப்பு ரெண்டு பக்கமும் இருக்குறதுக்கு வழி அதிகம். இந்த நாலணா வெறும் கல்லாக் கணக்கு. நீரு ஏற்கெனவே அத்தை மகளைக் கட்டினதுக்கான வட்டி தனி.

இது நம்ம ஊருக்கு மட்டும் வந்த வழக்கம்னு நினைக்காதேயும். டார்வின்னு ஒருத்தரு, குரங்குக் கதைக்காக ஊரே ஏசுதே, அவரு 1839-ல கட்டினது எம்மான்னு ஒரு பொண்ணை. எம்மாவோட அப்பாவும் டார்வினோட அம்மாவும் கூடப் பொறந்தவங்க. அப்ப எம்மா அவருக்கு என்ன வேணும்? சொல்லும். ஆங், மாமன் மக! அசல் முறைப்பொண்ணு. வெள்ளைக்காரன் கஸின்னு ஒத்தை வார்த்தையில முடிச்சிருவான், அதுக்குள்ள எத்தனை முறை இருக்குன்னு நமக்குல்லா தெரியும். பத்துப் பிள்ளை பொறந்துது. மூணு சின்னதுலயே போயிட்டு. மனுசனுக்கு மனசு அரிச்சுக்கிட்டே இருந்துது. செடிகளை வச்சுச் சோதனை பண்ணினாரு, தன் பூ மகரந்தத்துலயே காய்ச்ச விதையையும், அசல் செடி மகரந்தத்துல காய்ச்ச விதையையும் பக்கத்துல பக்கத்துல விதைச்சு வளத்தி அளந்தாரு. தனக்குள்ளயே கட்டினது பெரும்பாலும் குட்டையா நின்னுது. 1876-ல புத்தகமாப் போட்டாரு. 1871 ஜனத்தொகைக் கணக்குல, நீங்க சொந்தத்துல கட்டினவங்களான்னு ஒரு கேள்வி சேருங்கன்னு கேட்டுப் பாத்தாரு. பார்லிமெண்டு முடியாதுன்னுட்டு. நியாயத்துக்கு இன்னொண்ணையும் சொல்லணும். மிச்சம் ஏழு பேருல மூணு பேரு ராயல் சொசைட்டி உறுப்பினரா ஆனாங்க. சொந்தத்துல கட்டினா எல்லாம் நாசம்னு நான் சொல்லல.

நாசமானதும் ஒண்ணு இருக்கு. ஸ்பெயின் தேசத்துல ஹாப்ஸ்பர்க்னு ஒரு ராஜ குடும்பம். நாடும் நகையும் வெளிய போகக் கூடாதுன்னு வீட்டுக்குள்ளயே குடுத்து வாங்கிக்கிட்டாங்க. உம்ம நாலு ஏக்கர் கரிசலுக்கே நீரு இப்படி யோசிக்கீரு, அவங்களுக்குப் பாதி உலகம், யோசிக்கமாட்டாங்களா? நாலாம் பிலிப்பு கட்டினது மரியானாவை. மரியானா அவனோட தங்கச்சி மக. உம்ம வீட்டுச் சம்பந்தம் மாதிரியே தாய்மாமன் கல்யாணம். அவங்களுக்குப் பொறந்தவன் ரெண்டாம் சார்லஸ், 1661-ல. நாலு வயசுக்குப் பேச்சு, எட்டு வயசுக்கு நடை. தாடை துருத்தி, சோத்தை மென்னு தின்ன முடியல. ரெண்டு கல்யாணம் கட்டியும் வாரிசு இல்ல. 38 வயசுல போயிட்டான். அடுத்த ராஜா யாருன்னு ஐரோப்பாவே 1714 வரைக்கும் அடிச்சுக்கிட்டுது. தலைமுறை தலைமுறையா வீட்டுக்குள்ளயே கட்டினதுல அவன் உடம்புல சேந்த கணக்கைப் பின்னால ஆராய்ச்சிக்காரங்க போட்டுப் பாத்தாங்க. அண்ணனும் தங்கச்சியும் கட்டிப் பொறந்த பிள்ளைக்கு எவ்வளவோ, அதைவிட ஒரு துளி அதிகம். மேல பாத்தா மாமன் மருமக சம்பந்தம்தான். வட்டி ஏறி ஏறி அங்க கொண்டு போய் விட்டுட்டு.

“நீங்க மட்டும் என்ன மாமா, மாமன் மகளைத்தானே கட்டினீங்க, ஒண்ணும் ஆகலயே”ன்னு உம்ம வாய்க்குள்ள நிக்குது. கேட்டுரும், வாய்க்குள்ள வச்சா சேவு இறங்காது.

ஆச்சு மருமகனே. என் ரெண்டாவது மகன், உம்ம சின்ன மச்சான், பிறவியிலயே காது கேக்காதவன். உங்க அத்தை வயித்துல இருக்கும்போது கிரகணத்துல அவ வாசலுக்கு வந்துட்டான்னு ஊரே சொல்லிச்சு. நானும் சொன்னேன். ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்ல, இருபது வருஷம் சொன்னேன். பின்னால ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, “கிரகணமும் இல்ல ஒண்ணும் இல்ல பெரியவரே, உங்ககிட்ட ஒரு கெட்ட சீட்டு, உங்க வீட்டம்மாகிட்ட அதே கெட்ட சீட்டு, ரெண்டும் ஒரே தாத்தா வீட்டுல இருந்து வந்தது”ன்னாங்க. அன்னைக்கு ராத்திரி உங்க அத்தை ஒண்ணும் பேசல. அவ பேசியிருந்தா நல்லா இருந்திருக்கும். அவன் இப்பச் சிவகாசியில அச்சாபீஸ்ல மிஷின் ஓட்டுதான். அந்தச் சத்தத்துல மத்தவங்களுக்குக் காது போகும், இவனுக்கு அந்தப் பயம் இல்லன்னு முதலாளி சொல்லுதாராம். நானும் சிரிச்சேன்.

ராஜபாளையம் நாயைப் பாத்திருக்கீருல்லா, பால் வெள்ளையில ரோஸ் மூக்கோட? 2005-ல தபால்தலையில போட்டாங்க. அழகுன்னா அழகு. அந்த வெள்ளையை விடக்கூடாதுன்னு உள்ளுக்குள்ளயே சேத்துச் சேத்து வந்ததுல, காது கேக்காத குட்டிங்களும் அதுல வந்துருது. தோலுக்கு நிறம் குடுக்குற அணுதான் காதுக்குள்ளயும் ஒரு வேலை பாக்குது. அது இல்லாமப் போனா வெள்ளையும் வரும், செவிடும் வரும். நாய் வாங்குறவன் விவரமா இருந்தா குட்டிக்குப் பின்னால நின்னு கையைத் தட்டிப் பாத்துட்டுத்தான் துட்டைக் குடுப்பான்.

பயமுறுத்துதேன்னு நினைக்காதேயும், கணக்கைச் சரியாச் சொல்லுதேன். அசல்ல கட்டினவங்களுக்கே நூறு பிள்ளை பொறந்தா ரெண்டு மூணுக்குப் பிறவிக் கோளாறு இருக்கும். மாமன் மக அத்தை மகன்னா அது ஏறக்குறைய இரட்டிக்கும். தாய்மாமன் கல்யாணத்துல அதுக்கும் மேல. இரட்டிச்சாலும் முக்காலே மூணுவீசம் பிள்ளைங்க நல்லாத்தான் பொறக்கும், அதனாலதான் ஊரு இன்னும் கட்டிக்கிட்டே இருக்கு. சொந்தத்துல குடுக்குறதுல நல்லதும் உண்டு, இல்லன்னு சொன்னா என் நாக்கு அழுகிரும். பொண்ணு போற வீடு பழகின வீடு. மாமியாக்காரி அவளுக்கு அம்மாச்சி, அடுப்படியில வச்சு மண்ணெண்ணெய் ஊத்தமாட்டா. அது சின்ன விஷயம் இல்ல. அசல்ல கட்டிட்டாலே தப்பிச்சோம்னும் இல்ல. நூத்துக்கணக்கான வருஷமா ஒரே வட்டத்துக்குள்ளயே சுத்திச் சுத்திக் குடுத்து வாங்கினா, பேருக்கு அசலு, சீட்டுல சொந்தம்.

அதனால நான் கல்யாணத்தை நிறுத்தச் சொல்லல. நிறுத்தினா உம்ம வீட்டம்மா என் திண்ணையை இடிச்சிருவா. முகூர்த்தத்துக்கு முந்தி ரெண்டு வேலை இருக்கு. முதல்ல ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மூணு தலைமுறைக் கொடிவழியை எழுதும். யாருக்குக் காது கேக்கல, யாருக்குச் சின்னதுலயே கண்ணு மங்கிச்சு, எந்தப் பிள்ளை காரணம் தெரியாமப் போச்சு, ஒண்ணு விடாம எழுதும். சாமி குத்தம்னு சொல்லி மூடி வச்சதை எல்லாம் எழுதும். உங்க அம்மாவுக்கு முன்னால ஒண்ணு போச்சே, அதையும். என் மகனையும் எழுதும், நான் வெக்கப்படமாட்டேன்.

ரெண்டாவது, அந்தத் தாளோட பையனையும் பொண்ணையும் கூட்டிக்கிட்டு மரபணு டாக்டர் இருக்குற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போம். தலசீமியான்னு ஒரு ரத்த நோவு. நம்ம தேசத்துல நூத்துக்கு மூணு நாலு பேருகிட்ட அந்தக் கெட்ட சீட்டு ஒண்ணு இருக்கு, ஆளு திடமாத்தான் இருப்பான். அது இருக்கா இல்லையான்னு ரெண்டு பேருக்கும் பாக்கச் சொல்லும். ஒருத்தருக்கு மட்டும் இருந்தா பிள்ளைக்கு அந்த நோவு வராது. ரெண்டு பேருக்கும் இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. முதல் பிள்ளை நோவோட பொறந்துட்டா அடுத்த மூணும் தப்பிச்சிரும்னு கணக்குப் போடாதேயும், ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான் குலுக்குது. குடும்பத்துல இருக்குற மத்த நோவுக்கு எந்தச் சோதனைன்னு அந்தக் கொடிவழித் தாளைப் பாத்து டாக்டரு சொல்லுவாரு. அதையும் தாண்டிக் கட்டித்தான் வைப்பேன்னா வையும். பிள்ளை பொறந்த உடனே காது கேக்குதான்னு மிஷின் வச்சுப் பாக்கச் சொல்லும். சீக்கிரம் தெரிஞ்சா பேச்சு வர வைக்கலாம். எனக்குத் தெரிஞ்சப்போ அவனுக்கு நாலு வயசு முடிஞ்சிருந்துது.

எழுந்திரும். சேவுப் பொட்டலத்தை வச்சுட்டுப் போம், ஜாதகத்தை எடுத்துக்கிடும். நாளைக்கு முதல் பஸ்ஸைப் புடியும். தலசீமியாவுக்கு எடுக்குற ரத்தத்துக்கு வெறும் வயித்தோட போகணும்னு இல்ல, மூணு பேரும் சாப்பிட்டுட்டே போகலாம்.